முன்பணத்தில் சிக்கிய தறிகள்: வங்காளம் நமக்குச் சொல்லும் வியாபாரப் பாடம்



ஆகஸ்டு 7-ஆம் நாள் தேசியக் கைத்தறி நாள். 2015 முதல் மத்திய அரசு இதைக் கடைப்பிடித்து வருகிறது. முதல் ஆண்டு விழாவே நம் சென்னையில்தான் நடந்தது. ஜவுளிக்கடைக்காரர்கள் தள்ளுபடி போர்டு எழுதி வாசலில் வைப்பார்கள். அதோடு அந்த நாள் முடிந்துவிடும். 'பருப்பும் புளியும் நிறுக்கிற நமக்கும் கைத்தறிக்கும் என்ன சம்பந்தம்?' என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. அதுவும் நம் கல்லாப்பெட்டி வரைக்கும் வருகிற சம்பந்தம்.

1905-ஆம் ஆண்டு இதே ஆகஸ்டு 7-ஆம் நாள் கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய கூட்டம், அன்னியச் சரக்கை வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டது. அதன் நினைவாகத்தான் இந்தத் தேதி தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் 150 ஆண்டுக் கதை இருக்கிறது. அதைத் தறிக்காரன் கதை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நாம் படித்துப் பார்த்த வரையில், அதில் முதலில் அடிபட்டவன் வியாபாரி. ஆகவேதான் அந்தக் கதையை நம் ஏட்டில் எழுதுகிறோம்.

நூல்சந்தை நகரமான கதை

கல்கத்தா நகரம் மூன்று கிராமங்கள் சேர்ந்து உருவானது. அதில் ஒன்றின் பெயர் சூதாநூதி. நூல்கண்டு என்பதிலிருந்து வந்த பெயர் அது. நூலும் துணியும் விற்கும் சந்தை அங்கே நடந்தது. சேட்டுகள், பசாக்குகள் என்ற துணி வணிகக் குடும்பங்கள் அங்கே தொழில் செய்துவந்தன. 1690-இல் கம்பெனியின் ஜாப் சார்னாக் வந்து இறங்கியது அந்தச் சந்தை ஊரில்தான். சந்தை முந்தி, கம்பெனி பிந்தி. நம் ஊர்களிலும் கடைத்தெருவைத் தேடித்தான் பெரிய கம்பெனி வருகிறதே தவிர, கம்பெனி வந்த பிறகு கடைத்தெரு உண்டாவதில்லை.

அன்றைய வங்காளத் துணிக்கு ஈடு இணை கிடையாது. டாக்கா மஸ்லினுக்கு 'ஓடும் நீர்', 'நெய்த காற்று', 'மாலைப் பனி' என்று பொருள்படும் பெயர்களை வைத்தார்கள். மேக்னா, சீதலக்யா ஆற்றங்கரைகளில் விளைந்த 'பூட்டி கார்ப்பாஸ்' என்னும் பருத்தியிலிருந்து அந்த நூல் வந்தது. காற்றில் ஈரம் இருக்கும் காலையிலும் மாலையிலும்தான் பெண்கள் அதை நூற்பார்கள். வெயில் ஏறினால் இழை அறுந்துவிடும். அந்த மெல்லிய துணியின் மேலேயே, தறியில் இருக்கும்போதே, பூவேலையைக் கையால் கோத்து நெய்வதற்கு ஜாம்தானி என்று பெயர்.

இந்தச் சரக்குக்கு அஞ்சித்தான் இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் இந்தியத் துணிகளுக்குத் தடைச்சட்டம் போட்டது. போட்டியிட முடியாதவன் சட்டத்தைத் துணைக்கு அழைத்தான்.

முதலில் விழுந்தவர் வணிகர்

அந்நாளில் கொள்முதல் எப்படி நடந்தது என்பதை வியாபாரிகள் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். கம்பெனி நேராகத் தறிக்காரனிடம் போகவில்லை. உள்ளூர் வணிகரிடம் முன்பணம் கொடுக்கும். அதற்குத் 'தாத்னி' என்று பெயர். வணிகர் அந்தப் பணத்தைச் சிறு தரகர்கள் மூலம் நெசவாளிக்குக் கொடுத்து, சரக்கைப் பார்த்து வாங்கி ஒப்படைப்பார். இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. இடையில் நின்றவர்கள் நெசவாளியின் வயிற்றில் அடித்ததும் உண்டு. ஆனால் டச்சுக்காரன், பிரெஞ்சுக்காரன், ஆர்மேனியன், குஜராத்தி என்று வாங்குகிறவர்கள் பலர் இருந்தார்கள். ஒருவன் விலை கட்டாவிட்டால் அடுத்தவனிடம் போகலாம். அந்த ஒரு சுதந்திரம்தான் தறியையும் காத்தது, கடையையும் காத்தது.

1753-இல் கம்பெனி இந்த வணிகர்களைக் கழற்றிவிட்டது. பாக்கி நிற்கிறது, தரம் சரியில்லை என்று காரணம் சொன்னது. அவர்கள் இடத்தில் சம்பளத்துக்கு ஆள் வைத்தது. அந்த ஆளுக்குக் கோமஸ்தா என்று பெயர். நான்கு ஆண்டுகள் கழித்துப் பிளாசிப் போர் நடந்தது. ஆட்சியே கம்பெனியின் கைக்குப் போயிற்று. அதன் பிறகு கோமஸ்தாவின் பின்னால் சேவகனும் தடியும் வந்தன.

வில்லியம் போல்ட்ஸ் என்பவர் அதே கம்பெனியில் வேலை பார்த்து, சொந்த வியாபாரத்தில் பணம் சேர்த்து, கடைசியில் நாடு கடத்தப்பட்டவர். அவர் ஒன்றும் உத்தமரல்லர். அவரே 1772-இல் எழுதிய நூலில் சொல்கிறார்: கோமஸ்தாக்கள் கட்டிய விலை, வெளிச்சந்தை விலையைவிடக் குறைந்தது 15 சதவீதம், சில இடங்களில் 40 சதவீதம் வரை குறைவு. முன்பணம் வாங்க மறுத்தவனுக்கு அடி. வாங்கியவன் வேறு யாருக்கும் விற்கக்கூடாது. பட்டுநூல் சுற்றுகிறவர்கள் இந்தத் தொல்லையிலிருந்து தப்பத் தங்கள் கட்டைவிரலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரன் வெட்டினான் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். தொழில் தெரிந்த விரலே தனக்குச் சத்துரு என்று ஒருவன் நினைக்கும்படி ஆக்கியது அதைவிடக் கொடுமை.

இந்தக் கட்டத்தில் நம் இனத்தைச் சேர்ந்த ஒருவரை மறக்கக்கூடாது. உமிசந்த் என்ற பெரிய வணிகர், கம்பெனிக்கு முன்பணத்தில் சரக்குப் பிடித்துக் கொடுத்தவர். நவாபைக் கவிழ்க்கும் சதியில் அவரும் கூட்டாளி. தம் பங்கை எழுத்தில் கேட்டார். கிளைவ் இரண்டு உடன்படிக்கை தயாரித்தார். உமிசந்த் பங்கு எழுதிய சிவப்புத்தாள் பொய். பங்கே எழுதாத வெள்ளைத்தாள் மெய். காரியம் முடிந்ததும், உமக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரியவன் தோளில் கைபோட்டுக்கொண்டு தம் கூட்டத்தை மறந்த வியாபாரிக்கு என்றைக்கும் சிவப்புத்தாள்தான் கிடைக்கும்.

நம் பணம், நம் சரக்கு, அவன் லாபம்

1765-இல் வங்காளத்தின் நிலவரி வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு வந்தது. அதுவரை துணி வாங்கக் கப்பலில் வெள்ளி வந்துகொண்டிருந்தது. இனி எதற்கு வெள்ளி? வங்காள விவசாயி கட்டிய வரிப்பணத்தையே எடுத்து வங்காளத் துணியை வாங்கிக் கப்பலேற்றினார்கள். கல்லாவில் இருக்கும் நம் காசை எடுத்து நமக்கே கொடுத்து, சரக்கைத் தூக்கிக்கொண்டு போகும் கணக்கு இது. இதற்குக் கம்பெனி வைத்த பெயர் 'முதலீடு'! 1769-70 பஞ்சத்தில் வங்காள மக்களில் மூன்றில் ஒரு பங்கு மடிந்ததாகக் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸே கணக்கிட்டார். செத்தவர்களில் நெசவாளரும் நூற்பவர்களும் ஏராளம்.

பிறகு எந்திரம் வந்தது. 1813-இல் இந்திய வியாபாரத்தில் கம்பெனியின் ஏகபோகம் நீங்கி, லங்காஷயர் சரக்குக்குக் கதவு திறந்தது. நம் துணிக்கு அங்கே கடும் சுங்கம். அவர்கள் துணிக்கு இங்கே பெயரளவுக்குத்தான் வரி. டாக்காவில் ஒன்றரை லட்சமாக இருந்த மக்கள்தொகை முப்பது, நாற்பதாயிரமாகக் குறைந்துவிட்டது என்று சார்லஸ் டிரெவெல்யான் 1840-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். நெசவாளிக்கு முன்னால் நூற்கிற பெண்கள் விழுந்தார்கள். 1828-இல் 'சமாசார் தர்ப்பண்' என்ற வங்காளப் பத்திரிகைக்குச் சாந்திப்பூர் விதவை ஒருவர் கடிதம் எழுதினார். ராட்டையை நம்பிக் குடும்பத்தைக் காப்பாற்றியதையும், ஒரு காலத்தில் வீடு தேடி வந்து நூல் வாங்கிய நெசவாளர் இப்போது சீமை நூலை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கமே வருவதில்லை என்பதையும் அதில் முறையிட்டார். பத்திரிகையில் பேர்கூட வராத அந்த அம்மாவின் கணக்குத்தான் இந்த வியாபாரத்தின் உண்மையான ஐந்தொகை.

1905: கடைக்காரன் பட்ட பாடு

இவ்வளவும் பட்ட பிறகு கொடுத்த பதில்தான் சுதேசி. வங்காளத்தை இரண்டாகப் பிளப்பதை எதிர்த்து எழுந்த போராட்டம், தறியையும் ராட்டையையும் ஆயுதமாக எடுத்தது. 1906-இல் பங்கலட்சுமி பருத்தி ஆலை பிறந்தது. அந்த அலை நம் தூத்துக்குடி வரை வந்தது. அதே 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய். எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு காசே வேண்டாம், கப்பலில் ஏறினால் குடை இலவசம் என்றது. எதிரி ஒழிகிற வரைக்கும்தான் இலவசம் என்பதை நாம் எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை. இன்று செல்போனில் வரும் 'ஒரு ரூபாய்க்குச் சர்க்கரை' சலுகைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கே தெரியும்.

ஆனால் சுதேசியின் இன்னொரு பக்கத்தையும் நாம் மறைக்கக்கூடாது. உள்நாட்டுத் துணி விலை கூடுதல், முரடு. ஏழைக் குடியானவனுக்குக் கட்டுப்படியாகவில்லை. கையில் சீமைத் துணி வைத்திருந்த சில்லறைக்காரனுக்கு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. தீர்மானம் போட்டவர் பெரியவர். கடன் வாங்கிச் சரக்குப் பிடித்தவன் சின்னவன். சுதேசியை முதலில் முன்னின்று ஆதரித்த ரவீந்திரநாத் தாகூரே பிறகு இதைக் கண்டு மனம் வெதும்பினார். 1916-இல் வெளிவந்த அவருடைய 'கரே பாயிரே' நாவலில் பஞ்சு என்ற ஏழைத் தலைச்சுமை வியாபாரி வருகிறான். அவன் சுமையில் இருந்த அன்னியத் துணியை ஜமீன்தார் கொளுத்திவிடுகிறார். நாட்டுக்காகச் செய்த தியாகம் என்று மேடையில் சொல்வார்கள். நஷ்டம் மட்டும் பஞ்சு கணக்கில் எழுதப்படும்.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தன. நல்ல முடிவு. உள்ளூர் சோடா, கலர் தயாரிப்பாளர்களுக்கு அது புத்துயிர் தந்தது. ஆனால் வாங்கி அடுக்கிவிட்ட பாட்டில்களை வைத்துக்கொண்டு விழித்த பெட்டிக்கடைக்காரரின் நஷ்டத்தை யார் பகிர்ந்துகொண்டார்கள்? கடையில் நிற்கும் குளிர்பெட்டியே கம்பெனி கொடுத்தது. அதில் வேறு சரக்கு வைக்கக்கூடாது என்ற நிபந்தனை வேறு. அந்தக் குளிர்பெட்டிதான் இந்தக் காலத்துத் தாத்னி. இலவசமாக வந்த முன்பணம், அடுத்தவனிடம் வாங்கவிடாமல் கையைக் கட்டுகிறது.

மீண்டு வந்த தறி

வங்காளத் தறி செத்துப்போகவில்லை. நெசவாளர்கள் ஆலை நூலை வாங்கினார்கள், விசைநாடாவுக்கு மாறினார்கள், எந்திரத்தால் செய்ய முடியாத கைப்பூவேலையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1947 பிரிவினையில் டாங்காயில் நெசவாளர் பலர் எல்லை தாண்டி நதியா மாவட்டத்துச் சாந்திப்பூர், ஃபூலியா பக்கம் குடியேறி, தறி நாட்டிக் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பிழைத்தார்கள். வங்கதேசத்தின் ஜாம்தானி நெசவை 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் கலையாக ஏற்றது. அழிந்தே போனது என்று எல்லோரும் எழுதிவைத்த டாக்கா மஸ்லினை, அந்தப் பழைய பருத்திச் செடியைத் தேடிப்பிடித்து, வங்கதேச ஆய்வாளர்கள் மறுபடி நெய்து காட்டினார்கள். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2024 தொடக்கத்தில் 'டாங்காயில் சேலை யாருடையது?' என்று இந்தியாவும் வங்கதேசமும் குறியீட்டுக்குப் போட்டியிட்டன. ஒரு காலத்தில் 40 சதம் குறைத்து வாங்கிய சரக்கின் பெயருக்கு இன்று இரண்டு அரசுகள் மல்லுக்கு நிற்கின்றன.

இன்று இந்தச் சேலைகளுக்கு ஆபத்து மான்செஸ்டரிலிருந்து வரவில்லை. விசைத்தறியில் ஓட்டிய நகலைக் 'கைத்தறி' என்று சீட்டு ஒட்டி விற்கிறவர்களிடமிருந்து வருகிறது. அந்தச் சீட்டை ஒட்டுகிறவன் எந்த அன்னியனும் அல்ல. நம்மைப் போன்ற ஒரு வியாபாரிதான். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

நம் கடையில் கோமஸ்தா யார்?

இன்று நம் தொழிலில் நடப்பதைப் பாருங்கள். பல காலமாக ஊர் ஊராகச் சரக்குக் கொண்டுபோய்க் கடன் கொடுத்து, கம்பெனிக்குச் சந்தை பிடித்துக் கொடுத்த விநியோகஸ்தர், பெரிய சங்கிலிக் கடைக்கும் ஆன்லைன் கிடங்குக்கும் தமக்குக் கிடைப்பதைவிடக் குறைந்த விலையில் சரக்குப் போவதைக் கண்டு திகைக்கிறார். பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவருகிறோம் என்று வருகிறவர்களுக்கு நஷ்டம் ஒரு பொருட்டே அல்ல. 1753-இல் வணிகரைக் கழற்றிவிட்ட அதே கணக்குத்தான் இது. இடையில் இருப்பவன் போனால் எல்லோருக்கும் மலிவு என்பார்கள். இடையில் இருப்பவன் போன பிறகு விலை கட்டுகிறவன் ஒருவனாகிவிடுவான். உற்பத்தி செய்கிறவனும் வாங்குகிறவனும் அவன் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

இதைச் சொல்லும் அதே வாயால் இன்னொன்றும் சொல்வோம். நம் கடைக்கு அப்பளம், வடகம், ஊறுகாய் போட்டுக்கொண்டு வரும் அம்மாக்களிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? 'அடுத்த வாரம் வாங்க', 'விற்ற பிறகு பார்க்கலாம்' என்று எத்தனை தடவை அலைய விடுகிறோம்? கம்பெனிச் சரக்குக்குச் செக்கை முன்கூட்டியே கொடுக்கிற நாம், இருநூறு ரூபாய்க்கு வந்து நிற்கும் கைக்கு நாள் கடத்துகிறோம். உள்ளூர் மாவுமில் சரக்கை ஓரத்தில் தள்ளிவிட்டு, டிஸ்ப்ளே காசு கொடுத்தவன் சரக்கைக் கண்ணுக்கு நேராக அடுக்குகிறோம். அந்த அம்மாவின் பார்வையில் கோமஸ்தா யார் என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்வோம். பெரியவனிடம் நியாயம் கேட்க வேண்டுமானால், சிறியவனுக்கு நாம் நியாயம் செய்திருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: 'எங்கள் சரக்கு மட்டும்தான்' என்ற நிபந்தனையோடு வரும் முன்பணம், அலமாரி, குளிர்பெட்டி எதுவானாலும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுவோம். ஒரே சரக்குக்கு இரண்டு மூன்று கொள்முதல் இடங்களை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

இரண்டு: உள்ளூரில் செய்கிற சரக்குக்குக் கடையில் கண்ணுக்குத் தெரியும் ஒரு தட்டு ஒதுக்குங்கள். அவர்களுக்குக் கைமேல் காசு கொடுங்கள். முடியாவிட்டால் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எடையும் தரமும் குறைந்தால் அவர்களிடம் தயவு தாட்சணியம் காட்ட வேண்டாம். சுதேசி என்ற பெயரில் மட்டச் சரக்கு விற்றால் வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார்.

மூன்று: சீட்டில் இருப்பதுதான் பொட்டலத்திலும் இருக்க வேண்டும். கைத்தறி என்றால் கைத்தறி. மரச்செக்கு எண்ணெய் என்றால் மரச்செக்கு. பெயரைத் திருடுகிறவன் அந்தத் தொழிலையே திருடுகிறான்.

நான்கு: இனி எந்தச் சரக்கையும் விற்பதில்லை என்று தீர்மானம் போட்டால், கையிருப்பைத் தீர்க்கக் கால அவகாசமும், சிறு கடைக்காரரின் நஷ்டத்துக்குப் பொதுநிதியிலிருந்து உதவியும் அதே தீர்மானத்தில் இருக்க வேண்டும். இதை நம் சங்கப் பொதுக்குழுவில் எழுப்புவோம். பஞ்சுவின் சுமையைக் கொளுத்திவிட்டுக் கைதட்டுகிற சங்கமாக நாம் இருக்கக்கூடாது.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். சூதாநூதி வணிகர்களிடம் பணம் இருந்தது, சாமர்த்தியம் இருந்தது, கம்பெனியில் செல்வாக்கும் இருந்தது. ஒற்றுமை மட்டும் இல்லை, தனித்தனியாகக் கழற்றப்பட்டார்கள். விரலும் தறியும் தவிர வேறொன்றும் இல்லாத நெசவாளி, பேரப்பிள்ளை காலத்திலாவது எழுந்து நின்றுவிட்டான். வணிகர்களாகிய நாம் அவனிடம் இதைக் கற்றுக்கொள்வோம்.

வருகிற ஆகஸ்டு 7 அன்று உங்கள் கடைக்கு அப்பளக் கூடையோடு ஓர் அம்மா வந்தால், பழைய பாக்கியை முதலில் எண்ணிக் கொடுங்கள். கைத்தறி நாளை நாம் கொண்டாட அதைவிடச் சிறந்த முறை வேறில்லை.